1939-இல் நின்றுபோன வாடகை

எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. மூடியில் துரு ஏறிவிட்டது. அதற்குள் மாதம் ஒன்றாக அடுக்கி ரப்பர் வளையம் போட்ட வாடகை ரசீதுகள். முதல் ரசீது மார்ச் 1958, கடைசி ரசீது மார்ச் 2001. சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு குறுக்குத் தெருவில் என் பாட்டனார் மர்ஹூம் அவர்கள் நடத்தி, பிறகு அத்தா நடத்திய கடையின் ரசீதுகள் அவை. பொன்விழா மலருக்கு நம் சமூகத்தாரின் வணிக வரலாற்றைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, கப்பலேறி வந்த கதையையும் கடும் உழைப்பின் கதையையும் என்னைவிட நன்றாக எழுதக்கூடிய பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று தோன்றியது. நான் இந்த டப்பாவை எடுத்துக்கொண்டேன்.

1958-இல் வாடகை 38 வெள்ளி. 2001-இல் 46 வெள்ளி. இடையில் இருமுறை சில வெள்ளிகள் ஏறியிருக்கின்றன. ஏன் என்று ரசீதில் இல்லை. 43 ஆண்டுகளில் 8 வெள்ளி ஏற்றம். அதே காலத்தில் நம் கடையில் விற்ற ஒரு கைலியின் விலை எத்தனை மடங்கு ஏறியிருக்கும் என்று வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சிறுவனாக இருந்தபோது இந்தக் கதையை நான் பெருமையாகத்தான் கேட்டிருக்கிறேன். பாட்டனார் கெட்டிக்காரர், மலிவான இடம் பிடித்தார் என்பார்கள். கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லை, அது ஒரு சட்டத்தின் வேலை என்று பிறகுதான் தெரிந்தது. நம் சங்கத்தின் முதல் கூட்டங்கள் நடந்த மாடியறை, நம்மவர் பலரின் முதல் கடை, ஊர்க்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்ட தடுப்பறைகள் எல்லாமே அந்தச் சட்டத்தின் நிழலில் இருந்தவை. அதைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை.

ஜப்பானியர் ஆட்சி முடிந்து வெள்ளையர் திரும்பி வந்தபோது சிங்கப்பூரில் வீட்டுப் பஞ்சம். குண்டு விழுந்து போனவை போக மிச்சமிருந்த வீடுகளில் ஆட்கள் நிரம்பி வழிந்தார்கள். 1947 மக்கள் கணக்கெடுப்பில் இத்தீவின் மக்கள்தொகை சுமார் 938,000. வீடு குறைவு, ஆள் அதிகம் என்றால் என்ன நடக்கும் என்று வணிகருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாடகை ஏறும், ஏழைகள் தெருவுக்கு வருவார்கள். அதைத் தடுக்கத்தான் 1947-இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தார்கள். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சட்டத்தின் உயிர் இரண்டு தேதிகளில் இருந்தது. ஒன்று, 7 செப்டம்பர் 1947. அந்தத் தேதிக்குள் கட்டி முடிக்கப்பட்ட கட்டடங்களுக்குத்தான் கட்டுப்பாடு. அதற்குப் பிறகு கட்டியதற்கு இல்லை. மற்றது, 1 ஆகஸ்ட் 1939. அந்த நாளில் ஒரு கட்டடத்துக்கு என்ன வாடகையோ அதுவே அதன் நிலையான வாடகை. அதற்குமேல் வாங்கக்கூடாது. வாடகைப் பாக்கி, வீட்டைச் சீரழித்தல் போன்ற சில காரணங்கள் இல்லாமல் குடியிருப்பவரைக் கிளப்பவும் கூடாது. வீடு, கடை இரண்டுக்கும் இதே விதிதான்.

இந்தத் தேதி வைக்கும் பழக்கம் சிங்கப்பூரில் பிறந்ததல்ல. முதல் உலகப் போரின்போது, 1915-இல், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துப் பெண்கள் வாடகை தரமாட்டோம் என்று தெருவில் இறங்கினார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த லண்டன் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, வாடகையை 1914 ஆகஸ்டில் இருந்த அளவில் நிறுத்தியது. ஆனால் அதில் ஒரு நியாயம் இருந்தது. வீட்டுக்காரர் அடமானத்துக்குக் கட்டும் வட்டியையும் அதே சட்டம் நிறுத்தி வைத்தது. போர் முடிந்து ஆறு மாதத்தில் சட்டம் காலாவதி ஆகும் என்றும் எழுதியிருந்தார்கள். (காலாவதி ஆகவில்லை. வேறு வேறு பெயரில் அங்கேயும் பல பத்தாண்டுகள் ஓடியது.) அந்த அச்சை எடுத்துத்தான் சாம்ராஜ்யத்தின் மற்ற ஊர்களிலும் வார்த்தார்கள். பம்பாயில் அதே 1947-இல் வந்த சட்டம் 1940 செப்டம்பர் 1-ஆம் தேதி வாடகையைப் பிடித்துக்கொண்டது. மலாயாவில் 1948 ஜனவரி 31-க்கு முந்திய கட்டடங்கள் என்று வைத்தார்கள். தேதி மாறியது, அச்சு ஒன்றுதான்.

ஒரு தேதியை எழுதினார்கள், அது எப்படி நகரும் என்று எழுதவில்லை. குறை இங்கேதான். விலைவாசி ஏறினால் இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை இவ்வளவு ஏறலாம் என்று ஒரு வரி இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. தற்காலிக ஏற்பாடு என்று நினைத்து வைத்த 1939, 1950-களிலும் 1939, 1980-களிலும் 1939.

சட்டத்தில் ஒரு சொல்லின் காலம் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு நம் சமூகத்துக்கே நன்றாகத் தெரிந்த வேறொரு உதாரணம் உண்டு. கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தாரின் பராமரிப்புக்காக வைக்கும் வக்ஃபு செல்லாது என்று 1894-இல் லண்டன் பிரிவி கவுன்சில் ஒரு வங்காள வழக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இந்திய முஸ்லிம்கள் கொதித்துப் போனார்கள். முகம்மது அலி ஜின்னா மசோதா கொண்டுவந்து 1913-இல் அதைச் செல்லுபடியாக்கும் சட்டம் நிறைவேறியது. ஆனால் சட்டத்தின் வாசகம், முஸ்லிம் ஒருவர் இப்படி வக்ஃபு ஏற்படுத்துவது சட்டப்படி செல்லும் என்று இனிமேல் நடப்பதைச் சொல்வதுபோல் அமைந்துவிட்டது. 1913-க்கு முன்னால் வைத்தவை? அவற்றுக்கு இது பொருந்தாது என்று நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. எந்த வக்ஃபுகளைக் காப்பாற்றச் சட்டம் கேட்டார்களோ அவையே வெளியே நின்றன. முந்தியவற்றுக்கும் பொருந்தும் என்று சொல்ல 1930-இல் தனியாக இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. விட்டுப்போன ஒரு வாக்கியத்துக்கு 17 ஆண்டு விலை.

சிங்கப்பூர் வாடகைக்கு 53 ஆண்டுக்கு மேல் ஆனது.

வாடகையை நிறுத்திவிட்டால் இடத்தின் மதிப்பு நின்றுவிடுமா? அது வேறு வழியில் வெளியே வந்தது. 'டீ மணி' என்று எல்லாரும் சொன்ன பணம் அதுதான். கடையை விட்டுப் போகிறவர் வருகிறவரிடம் ஒரு தொகை வாங்குவார். சட்டப்படி அது கூடாது. ஆகவே மேசை, அலமாரி, கண்ணாடிப் பெட்டி எல்லாம் விலைக்குக் கொடுத்ததாகப் பேச்சு. ஓர் ஓட்டை அலமாரிக்கு ஆயிரக்கணக்கில் விலை. பாட்டனார் 1958-இல் கடை எடுத்தபோது முன்னால் இருந்தவருக்கு எவ்வளவு கொடுத்தார் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஊரில் இருந்த இரண்டு மா நிலத்தை விற்றது மட்டும் எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். ஏழைக்கு மலிவாக இடம் கிடைக்க வேண்டும் என்று வந்த சட்டம், கையில் மொத்தமாகப் பணம் இல்லாத ஏழைக்குக் கடை வாசலை அடைத்தது. பணம் புரட்ட முடிந்தவருக்கு அள்ளிக் கொடுத்தது.

அடுத்து 'சீஃப் டெனன்ட்' என்ற மனிதர். வீட்டுக்காரரிடம் முழு வீட்டையும் வாடகைக்கு எடுத்தவர் அவர். கீழே கடை வைத்துக்கொண்டு, மாடியைப் பலகைத் தடுப்புகளால் கூறுபோட்டு உள்வாடகைக்கு விடுவார். சீனர் பகுதிகளில் இது பெரிய தொழிலாகவே நடந்தது. நம்மவரிடமும் இருந்தது, மறைப்பதற்கில்லை. எங்கள் மாடியில் ஏழு பேர் இருந்தார்கள், எல்லாரும் ஊர்க்காரர்கள்தாம். ஆளுக்கு 8 வெள்ளி. ஏழெட்டு ஐம்பத்தாறு. வீட்டு வாடகை 38. ஆக, என் பாட்டனார் கடைக்கு வாடகையே கொடுக்கவில்லை; மாதம் 18 வெள்ளி மிச்சமும் வந்தது.

அந்த ஏழு பேரில் யாரும் அவரைக் குறை சொன்னதில்லை. வந்து இறங்கிய அன்றே படுக்க இடம், நோன்பு காலத்தில் கஞ்சி, ஊருக்குப் பணம் அனுப்ப ஆள் எல்லாம் அங்கே இருந்தன. அவர்களில் மூவர் பிற்காலத்தில் நம் சங்கத்தின் தொடக்க உறுப்பினர்கள். மாடியின் முன்னறையைக் காலி செய்து வாரம் ஒருமுறை கூட்டம் போட்டபோது பாட்டனார் அதற்குக் காசு வாங்கவில்லை. வாங்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. சிங்கப்பூரில் எத்தனையோ ஊர்ச் சங்கங்களும் படிப்பகங்களும் இப்படி மலிவான மாடிகளில்தான் பிறந்தன. சட்டம் எழுதியவர்கள் அதை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். எதிர்பாராத விளைவு என்றால் எல்லாம் கெட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

ஆனால் அந்த 38 வெள்ளியை வாங்கிக்கொண்ட கை ஒன்று இருந்ததல்லவா?

வீட்டுக்கார அம்மா நம்மவர்தான், நம் மார்க்கத்தவர். கணவர் போருக்கு முன்னால் சம்பாதித்து இரண்டு கடைவீடுகள் வாங்கி வைத்துவிட்டு மௌத்தாகிவிட்டார். 1939-இல் ஒரு வீட்டுக்கு 38 வெள்ளி என்பது நல்ல பணம். இரண்டு வீட்டு வாடகையில் ஒரு விதவை பிள்ளைகளோடு மரியாதையாக வாழலாம் என்று அவர் கணக்குப் போட்டிருப்பார். அந்தக் கணக்கு 1939-க்குச் சரி. வீட்டுக்காரர் என்றால் தொப்பையும் தங்கச் சங்கிலியுமாக ஒரு முதலாளி என்று சட்டம் நினைத்தது போலும். இரண்டு வீட்டை நம்பியிருக்கும் ஒரு பெண்ணும் வீட்டுக்காரர்தான் என்பது அதன் வாசகத்தில் இல்லை.

மாதம் முதல் வாரத்தில் அவர் கடைக்கு வருவார், பிற்காலத்தில் பேரனை அனுப்புவார். ரசீதில் கையெழுத்து ஆரம்பத்தில் மலாய் ஜாவி எழுத்தில், பிறகு நடுங்கிய ஆங்கில எழுத்தில். 1960-களின் கடைசியில் கூரை ஒழுகியது. ரிப்பேர் செய்ய அவரிடம் பணம் இல்லை. 38 வெள்ளி வாங்குகிறவர் 300 வெள்ளிக்கு எப்படி ஓடு மாற்றுவார்? பாட்டனார் தகரம் போட்டு ஒட்டினார். அந்தத் தகரம் கடைசி வரை இருந்தது. தேக்காவிலும் சைனாடவுனிலும் பழைய கடைவீடுகள் ஏன் அப்படிச் சரிந்து கிடந்தன என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். வசதியுள்ள வீட்டுக்காரர் சிலருக்கு வேறு கணக்கும் இருந்தது. கட்டடம் தானாக ஆபத்தான நிலைக்கு வந்தால் ஆட்கள் வெளியேறித்தான் ஆக வேண்டும். இடித்துப் புதிதாகக் கட்டினால் அது 1947-க்குப் பிந்திய கட்டடம், கட்டுப்பாடு கிடையாது. இடிந்து விழுவதில் லாபம் வைக்கும் ஒரு சட்டத்தை வேண்டுமென்று யாரும் எழுதமாட்டார்கள். ஒற்றைத் தேதி அதைச் செய்தது.

1973, 74-இல் எண்ணெய் விலை ஏறி, அரிசி முதல் துணி வரை எல்லாம் தீப்பிடித்தாற்போல் ஏறின. அந்தச் சமயத்தில் பாட்டனாரின் கைக்கணக்குப் புத்தகத்தில் ஒரு புதுப் பதிவு தொடங்குகிறது. அவர் அரபுத் தமிழில் எழுதுகிறவர். எனக்கு வாசிக்கத் தெரியாது. சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாசித்துச் சொன்னார். "அம்மாவுக்கு 20." மாதாமாதம். ஆனால் ரசீதில் 20 இல்லை, பழைய வாடகை மட்டும்தான்.

அத்தாவிடம் கேட்டேன். "அது தனி உறையில கொடுப்பாங்க. ரசீது போட முடியாது. கூட வாங்குனா அந்த அம்மாவுக்குத்தான் சட்டப்படி வம்பு" என்றார். நிலையான வாடகைக்கு மேல் ஒரு வெள்ளி வாங்கினாலும் அது சட்ட மீறல். கொடுக்கிறவர் மனம் ஒப்பிக் கொடுத்தாலும் அப்படித்தான். முதலில் அந்த அம்மா வாங்க மறுத்தாராம். ஹதியா என்று சொல்லி வாங்க வைத்திருக்கிறார் பாட்டனார். ஒரு மனிதர் தன் மனசாட்சிக்குப் பயந்து கொடுத்த பணத்தைக் களவுபோல ஒளித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. டீ மணி கொடுத்தபோது எவ்வளவு மறைவோ, இதற்கும் அவ்வளவு மறைவு.

20 வெள்ளி போதுமா? போதாது. அக்கம்பக்கத்தில் கட்டுப்பாடு இல்லாத இடங்களின் வாடகை அப்போது எங்கேயோ போய்விட்டது. பாட்டனாருக்கும் அது தெரியும். சட்டம் அனுமதித்ததை வாங்கிக்கொண்டு, தன் மனம் தாங்கும் அளவுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அவரை நான் மெச்சவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் 20 கொடுத்திருப்பேனா என்பது எனக்கு உறுதியாகத் தெரியாது.

ஒரு விதவைக்கு நடந்தது நம் வக்ஃபுகளுக்கும் நடந்தது. நம் முன்னோர் சொத்தை வக்ஃபு செய்தபோது பெரும்பாலும் கடைவீடாகத்தான் செய்தார்கள். கடைவீட்டின் வாடகை மாதாமாதம் வரும். அதில் பள்ளிவாசலுக்கு விளக்கும் ஏழைக்குச் சோறும் நடக்கும். டன்லப் ஸ்திரீட்டில் இருக்கும் மஸ்ஜித் அப்துல் கபூரை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் தலைமைக் கிராணியாக இருந்த ஷேக் அப்துல் கபூர் பின் ஷேக் ஹைதர், பள்ளியின் நிலத்தில் கடைவீடுகளும் குடியிருப்புகளும் கட்டி, அந்த வாடகையைச் சேர்த்துத்தான் பள்ளியைப் பெரிதாக்க வழி செய்தார். வாடகை வருமானம் ஒரு பள்ளிவாசலையே எழுப்பும் என்ற காலம் அது. 1947-க்குப் பிறகு, பழைய கட்டடம் என்றால் வக்ஃபுக் கடைக்கும் 1939 வாடகைதான். வாக்கிஃப் எழுதிவைத்த எண்ணம் காகிதத்தில் அப்படியே இருந்தது. அதை நிறைவேற்றப் போதுமான பணம் வரவில்லை. 1905-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த அறநிலைய வாரியம் சில வக்ஃபுகளைப் பார்த்துக்கொண்டது. 1966-ஆம் ஆண்டின் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்தின்படி 1968-இல் முயிஸ் அமைந்து வக்ஃபுகள் அதன் பொறுப்புக்கு வந்தன. நிர்வாகம் யார் கையில் இருந்தாலும் வாடகை அங்கேயேதான் நின்றது.

இதில் நெஞ்சை உறுத்தும் ஒன்று உண்டு. வக்ஃபுக் கடைகளில் வாடகைக்கு இருந்தவர்களில் நம்மவரும் உண்டு. ஏழைக்குப் போக வேண்டிய வாடகையின் மிச்சம் யார் பையில் தங்கியது என்று யோசிக்கும்போது, வீட்டுக்காரர்களை மட்டும் பாதிக்கப்பட்டவர்கள் என்று சொல்லி ஒதுங்கிவிட முடியவில்லை.

சட்டத்தைத் திருத்த அரசு எடுத்த முதல் பெரிய முயற்சி 1969-இல் வந்தது. கட்டுப்பாட்டில் உள்ள இடங்களுக்கான சிறப்புச் சட்டம் ஒன்று போட்டு, குறிப்பிட்ட வட்டாரத்தில் மறுமேம்பாட்டுக்காக இடத்தைத் திரும்பப் பெறலாம், இருப்பவருக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றார்கள். 1970-இல் ராஃபிள்ஸ் பிளேஸ், ஷென்டன் வே சுற்றியுள்ள சுமார் 80 ஏக்கர் அந்த வட்டாரம் ஆனது. வரைபடத்தில் செருப்பு வடிவில் இருந்ததால் 'கோல்டன் ஷூ' என்ற பெயர். செட்டியார்களின் கிட்டங்கிகளும் நம்மவர் கடைகளும் இருந்த மார்க்கெட் ஸ்திரீட் பகுதியும் அதற்குள் வந்தது. பழைய தெருக்கள் போய்ப் பல மாடி வங்கிகள் எழுந்தன. அந்தப் பகுதியிலிருந்து கிளம்பியவர்கள் பலர் தேக்காவுக்கு வந்தார்கள். தேக்காவில் கட்டுப்பாடு இன்னும் இருந்தது.

இங்கேதான் விஷயம் தலைகீழாகத் திரும்புகிறது. கட்டுப்பாடு நீங்கிய இடம் இடிபட்டது, நீங்காத இடம் அப்படியே நின்றது. பழுதாகி, ஒழுகி, சாயம் உரிந்து, ஆனாலும் நின்றது. 1989 ஜூலை 7-ஆம் தேதி நகர மறுசீரமைப்பு ஆணையம் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் முதலிய பகுதிகளைப் பாதுகாப்புப் பகுதிகளாக அரசிதழில் அறிவித்தபோது, பாதுகாக்க அங்கே ஏதோ இருந்தது என்றால் அதில் இந்தச் சட்டத்துக்கும் பங்குண்டு. பினாங்கிலும் இதே கதைதான். ஜார்ஜ் டவுனில் வாடகைக் கட்டுப்பாடு 1999 முடியும் வரை இருந்தது. கபித்தான் கெலிங் பள்ளியைச் சுற்றியும் சூலியா ஸ்திரீட்டிலும் நம்மவர் புழங்கிய பழைய வரிசைகள் இடிபடாமல் தப்பின. மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது 2008-இல், அதுவும் ஜூலை 7-ஆம் தேதி. தேதிகள் ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனால் ஒரு பழுதான சட்டம் இரண்டு ஊர்களின் முகத்தைக் காப்பாற்றியது தற்செயல் மட்டுமல்ல.

பினாங்கில் முடிவு திடீரென்று வந்தது. 1997-இல் ரத்துச் சட்டம், இரண்டு ஆண்டு சொச்சம் அவகாசம், 2000 ஜனவரி 1-ஆம் தேதி கட்டுப்பாடு இல்லை. இரண்டு மூன்று தலைமுறை குடியிருந்தவர்கள் நகரை விட்டுக் கிளம்பினார்கள். அங்கே இருக்கும் எங்கள் உறவினர் ஒருவர், "கட்டடம் இருக்கு, அண்டை வீட்டுக்காரங்கதான் இல்ல" என்று அத்தாவிடம் சொன்னது நினைவிருக்கிறது. சிங்கப்பூரில் 1980-களிலிருந்தே படிப்படியாகத் தளர்த்திக்கொண்டு வந்து 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி முழுவதும் ரத்துச் செய்தார்கள். அதற்குள் பெரும்பாலானவர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளுக்குப் போய்விட்டதால் இங்கே தெருவுக்கு வந்தவர் குறைவு. அடி வாங்கியவர்கள் எங்களைப்போன்ற சிறு கடைக்காரர்கள்.

பாட்டனார் 1983-இல் மௌத்தானார். அவரோடு அந்த 20 வெள்ளி உறையும் நின்றுவிட்டது. இதை அத்தாவே என்னிடம் சொன்னார், நான் கண்டுபிடிக்கவில்லை. 1985-இல் பொருளாதாரம் சரிந்து வியாபாரம் படுத்திருந்தது, நான்கு பிள்ளைகள் வேறு, நாளைக்குக் கொடுப்போம் நாளைக்குக் கொடுப்போம் என்று போய்விட்டது என்றார். நோன்புப் பெருநாளுக்கு மட்டும் ஏதாவது அனுப்புவார். அந்த அம்மா தம் கடைசிக் காலத்தில் வீவக வாடகை வீட்டில், ஓர் அறையில் இருந்தார். நாங்கள் அப்போது சொந்த வீட்டில் இருந்தோம், கடைக்கு ஒரு வேனும் இருந்தது. வீட்டுக்காரர் வாடகை வீட்டில், வாடகைக்காரர் சொந்த வீட்டில்.

2001 பிப்ரவரியில் அவருடைய பேரன் கடைக்கு வந்தார். சிறுவயதில் வாடகை வாங்க வந்த அதே பேரன், இப்போது நாற்பது வயதுக்காரர். அஞ்சடியில் நின்றே பேசினார். ஏப்ரலிலிருந்து மாதம் 3,000 வெள்ளி. கஷ்டம் என்றால் ஜூன் வரை பழைய வாடகையிலேயே இருந்து காலி செய்து கொள்ளலாம். பள்ளிக்கூடம் முடிந்து வந்த நான் கைலிக் கட்டுகளின் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பதினான்கு வயது. 46-இலிருந்து 3,000 என்றதும் எனக்குக் கோபம் வந்தது. அத்தா சண்டை போடுவார், பேரமாவது பேசுவார் என்று எதிர்பார்த்தேன். பேரம் பேசியே வளர்ந்த மனிதர் அவர்.

அத்தா பேரம் பேசவில்லை. ஜூன் வரை வேண்டாம், மார்ச் முடியக் காலி செய்து தருகிறேன் என்றார். பிறகு உள்ளே போய் மேசை இழுப்பறையைத் திறந்து, அந்த மாதத்து வாடகையை எடுத்து, ரசீதுப் புத்தகத்தையும் கொண்டுவந்து கொடுத்தார். பேரன் கையெழுத்துப் போட்டார். அதற்கு அடுத்த மாத ரசீதுதான் டப்பாவில் மேலாக இருக்கும் கடைசி ரசீது. அதன் பின்பக்கத்தில் அத்தா பென்சிலால் 1983-க்கும் 2001-க்கும் இடையிலான மாதங்களைக் கூட்டி, 20-ஆல் பெருக்கி ஒரு தொகை எழுதியிருக்கிறார். அதைக் கொடுத்தாரா என்று நான் கேட்டதில்லை.